மண் குடித்துக்கொள்ளும் என்றார்கள்

2020 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் தேதியைச் செலாயாங் வட்டாரத்தார் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ரவாங் பக்கத்தில் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் ஒரு பட்டறையின் கழிவு கலந்தது. அந்தச் சிற்றாறு போய்ச் சேர்வதோ சிலாங்கூர் நதியில். நாற்றம் கண்டதும் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஏறக்குறைய 12 இலட்சம் கணக்குதாரர்களின் குழாய்கள் வறண்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக் என்று ஜனங்கள் வாளியும் கையுமாக லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற காட்சியை நாம் கண்டோம், நாமும் நின்றோம்.

நாம் கணக்கெழுதும் தோட்டத்திலும் பீலிக்கரை காய்ந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த லயத்துப் பெண்கள், மூன்றாம் நாள் லயத்துக்குப் பின்புறமிருந்த பழைய கிணற்றின் பலகையைப் புரட்டினார்கள். குழாய் வந்தபின் யாரும் தொடாத கிணறு அது. முந்திய தலைமுறை குடித்து வளர்ந்த கிணறும் அதுதான். முதல் வாளி மேலே வந்ததும் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. மண்ணெண்ணெய் வாடை. “நாளாச்சு, நாலு வாளி இறைச்சுக் கொட்டினால் சரியாயிடும்” என்றாள் ஒரு பாட்டி. நாற்பது வாளி இறைத்தும் சரியாகவில்லை. துணி துவைத்தவர்களின் துணியில் வாடை தங்கியது. அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிய ஒரு குழந்தைக்கு மேலெல்லாம் தடித்தது. வாடையால் வந்ததோ, பழந்தண்ணீரால் வந்ததோ, அதை நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

ஆற்றிலே விஷம் கலந்தது என்று குழாயை மூடினார்கள்; சரி. தரைக்கடியில் கிடந்த கிணற்று நீரில் எண்ணெயைக் கலந்தவர் யார்?

கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் நூறு தப்படியில் டிராக்டர் கொட்டகை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு குழி. என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை வருஷக்கணக்காக அங்கேதான் ஊற்றினார்கள். “எங்கே போகும்? மண் குடித்துக்கொள்ளும்” என்பதே அப்போதைய பதில். குழியை மூடி நான்கு வருஷமாகிவிட்டது என்று நிர்வாகம் நினைவூட்டியது. மூடியது உண்மை. ஆனால் மூடியது குழியின் வாயைத்தானே!

மண் எதையும் குடித்துத் தீர்ப்பதில்லை, தோழர்களே. மண் ஒரு வடிகட்டி. சில சரக்குக்கு நல்ல வடிகட்டி, சில சரக்குக்கு வெறும் வழி. மழைநீர் தரையில் விழுந்து, மணலுக்கும் களிக்கும் இடையிலுள்ள சந்துகளில் இறங்கி, ஓர் ஆழத்தில் தங்குகிறது. அதற்குக் கீழே சந்துகள் யாவும் நீரால் நிரம்பியிருக்கும். அந்த நீர் குளம்போலத் தேங்கிக் கிடப்பதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, கண்ணுக்குத் தெரியாமல், ஓடை போலவே அதுவும் நகர்கிறது; ஆனால் வேகம்தான் வேறு. நல்ல மணலில் நாளொன்றுக்குச் சில அங்குலம், அல்லது சில அடி. இறுகிய களிமண்ணில் வருஷத்துக்கு ஓர் அங்குலம் போவதே அதிகம். நம்மூர் வெந்நீர்க் குளத்தில் காலை வைத்து உட்கார்ந்திருக்கும் அன்பர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்: மழையாய் விழுந்த தண்ணீர் கருங்கல்லின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. நிலத்துக்கடியில் தண்ணீர் பயணம் போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி, அதனுடன் சேர்ந்து பயணம் போகும் சரக்கைப் பார்ப்போம். தோட்டத்து வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. டீசலும் என்ஜின் எண்ணெயும் மண்ணினூடே இறங்கி, நிலத்தடி நீரின் தலையில் மிதந்துகொண்டே பள்ளத்துப் பக்கம் பரவும். வழியிலுள்ள மண்ணிலெல்லாம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் கூடவே உயரும். வறட்சியில் கூடவே இறங்கி, அந்த ஆழத்து மண்ணையும் கறைப்படுத்தும். அதனால்தான் ஒரு மாதம் வாடை இல்லாமலிருந்து மறு மாதம் வாடை வருகிறது. “இப்போது மோந்து பாருங்கள், ஒன்றுமில்லையே” என்று சொல்லும் நிர்வாகஸ்தர்களுக்கு இதுவே பதில். எண்ணெயின் ஒரு பகுதி நீரிலும் கரையும். அந்தப் பகுதிக்குப் படலமும் இல்லை, நிறமும் இல்லை.

பட்டறைகளில் இரும்புச் சாமான்களின் பிசுக்கைக் கழுவும் சில திராவகங்கள் இதற்கு நேர் எதிர். அவை தண்ணீரைவிடக் கனம். நீர்மட்டத்தைத் துளைத்துக்கொண்டு அடிக்கல்வரை இறங்கி, அங்கே பள்ளம் பார்த்துத் தங்கிவிடும். அங்கிருந்து பல பத்தாண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும். மேலாகத் தண்ணீர் மொண்டு பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

உரத்தின் கதை வேறு. சாம்பல் சத்து, பாஸ்பேட் முதலியவை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் மட்டும் பிடிபடாது, நீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும். கக்கூஸ் குழியிலிருந்து வருவதும் கடைசியில் இதே நைட்ரேட்தான். ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீறினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். “காய்ச்சிக் குடித்தால் போதும்” என்று நம் தாய்மார் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் சாவதற்கு அவை உயிருள்ளவை அல்லவே! தண்ணீர் ஆவியாய்ப் போகப் போக, மிஞ்சிய நீரில் அவை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

புல் மருந்துகளில் பாராகுவாட் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும் சாதி. நீருடன் கீழே இறங்குவது அதற்கு அரிது. அடித்த பெண்களின் நகத்தையும் மூக்கையும் அது கெடுத்தது என்பதே அதன்மீது நம் வழக்கு. 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய காலத்தில் லாலான் புல்லை ஒழிக்கத் தோட்டங்களில் பீய்ச்சியது சோடியம் ஆர்சினைட். நம் பாட்டன்மார் தோளில் சுமந்து அடித்த மருந்து அது. பாராகுவாட்டுக்குக் கெடு உண்டு, வெயிலும் மண்ணும் காலப்போக்கில் அதைச் சிதைக்கும். ஆர்சனிக்குக்குக் கெடுவே கிடையாது. அது ஒரு தனிப்பொருள், சிதைவதற்கு அதில் எதுவுமில்லை. மண்ணில் உள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மண் சதுப்பாகி, காற்றில்லாமல் போனால் இரும்பு கையை விடும். ஆர்சனிக் நீரில் இறங்கும். பழைய மருந்து ஸ்டோர் எங்கிருந்தது, டின்களை எங்கே கழுவினார்கள் என்று வயதானவர்களை இன்றே கேட்டு எழுதிவைக்கவேண்டும் என்று நாம் கிளைக் கூட்டங்களில் சொல்லிவருவது இதனால்தான். அந்த வரைபடம் எந்த ஆபீஸிலும் இல்லை. சில கிழவர்களின் தலைக்குள்தான் இருக்கிறது.

மண்ணாவது வடிகட்டும்; சுண்ணாம்புக்கல் அதுவும் செய்யாது. பத்துமலைக் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அந்தக் குகையைக் குடைந்தது தண்ணீர். அதே சுண்ணாம்புக்கல் கோலாலம்பூர் நகரத்தின் அடியிலும் படுத்திருக்கிறது, அதே விதமான பொந்துகளோடு. அப்படிப்பட்ட கல்லுக்குள் ஒரு சொட்டுக் கழிவு விழுந்தால், களிமண்ணில் நூறு வருஷம் போகும் தூரத்தை அது ஒரே நாளில் கடந்துவிடக்கூடும்.

சுண்ணாம்புக்கல் ஊரில் அந்த ஆபத்து எப்படி வருமென்று காண யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். இந்நாட்டு ரயில் ஆபீஸ்களுக்கும் தோட்ட ஆபீஸ்களுக்கும் ஒரு காலத்தில் கிராணிமாரை அனுப்பிய சீமை அது. அங்கே வருஷம் முழுதும் ஓடும் ஆறே கிடையாது. குடிக்கவும், தோட்டத்துக்கு இறைக்கவும், துவைக்கவும் கிணறு ஒன்றே கதி. அந்தக் கிணறுகள் எல்லாம் ஒரே சுண்ணாம்புக்கல்லின் வாய்கள். அப்படிப்பட்ட இடத்தில், சுன்னாகத்தில், எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு தனியார் நிலையம் இயங்கியது. நார்தன் பவர் என்பது கம்பெனியின் பெயர். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. முதலில் சில கிணறுகள், பிறகு வளவுக்கு வளவு. பிரதேச சபைகள் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தன. கிணற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, குடத்தோடு தெருவில் நிற்கும் நிலை!

பிறகு வந்தது வழக்கமான விவாதம்: இந்த எண்ணெய் யாருடையது? அதே இடத்தில் அதற்கு முன்பே மின்சார சபையின் பழைய நிலையம் பல்லாண்டுகள் இயங்கியது; பழைய எண்ணெய்தான் இது, எங்களுடையது அல்ல என்றது கம்பெனி. கவனியுங்கள் தோழர்களே. நிலத்தடி அசுத்தத்தில் எப்போதும் எழும் வாதம் இதுவே. ஆற்றில் ஊற்றினால் அன்றே மணக்கும், ஊற்றியவன் கையும் களவுமாக அகப்படுவான். நிலத்தில் ஊற்றினால் வருஷங்கள் கழித்து மணக்கும். அதற்குள் ஊற்றியவன் மாறிவிடுவான், கம்பெனி கைமாறிவிடும், ஏடுகளும் கறையானுக்குப் போய்விடும்.

2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவினால் அந்த நிலையம் நின்றது. அதே வருஷம் வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் தேதி தீர்ப்பு வந்தது: மண்ணையும் நிலத்தடி நீரையும் அசுத்தப்படுத்தியவன் பணம் கட்டவேண்டும், கம்பெனி அவ்வூர் மக்களுக்கு 2 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் கணக்குப்பிள்ளைப் புத்தி சும்மா இருக்குமா? 2 கோடியை ஐந்நூறு குடும்பத்துக்குப் பங்கிட்டால் தலைக்கு 40,000 ரூபாய். ஒரு கிணற்றின் விலையா அது?

நம் முன்னோர் கப்பலேறிய ஜில்லாக்களையும் விட்டுவிட முடியாது. வட ஆற்காட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகள் பாலாற்றங்கரை நிலத்தடி நீரை உப்பும் குரோமியமும் ஆக்கிய கதை டில்லி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் தேதித் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரப் பகுதியின் 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் உதவிய 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. கிணறு கிணறாகப் போய் எண்ணியவர்கள் ஒரு தொண்டு அமைப்பினர். எண்ணியதால் அல்லவா நீதிபதிகள் காதில் ஏறியது! அத்தீர்ப்பில் தொழிலாளர் நெஞ்சில் எழுதிக்கொள்ளத்தக்க இன்னொன்றும் உண்டு. தன் காரியத்தால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது என்று அது கூறிற்று. தாகத்தோடு நிற்கிறவன் ஆய்வுக்கூடம் வைத்து நிரூபிக்கவேண்டியதில்லை.

இப்போது நம் தோட்டத்து ஸ்டோர் ஏட்டுக்கு வருவோம். கிராணிமாராகிய நாம் இங்கே தலைகுனிந்துதான் பேசவேண்டும். என்ஜின் எண்ணெய் எத்தனை டின் வந்தது, எத்தனை கொடுத்தோம், மீதி எத்தனை என்று வருஷம் தவறாமல் எழுதினோம். ஒரு லிட்டர் குறைந்தால் டிராக்டர்க்காரனைக் கூப்பிட்டு விசாரித்தோம். புது எண்ணெய் போட்டால் பழைய எண்ணெய் வெளியே வந்தாக வேண்டுமே, அது எங்கே போயிற்று என்று எழுத ஏட்டில் ஒரு கட்டம் இல்லை. நாமும் கோடு போடவில்லை. குழி எங்கிருக்கிறதென்று நமக்குத் தெரியும். கிணறு எங்கிருக்கிறதென்றும் தெரியும். இரண்டுக்கும் இடையே கோடு போட மட்டும் தோன்றவில்லை.

அந்தக் கட்டத்தைச் சட்டம் எப்போதோ போட்டுவிட்டது. 1974 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2005 ஆம் ஆண்டில் அட்டவணைக் கழிவு விதிகள் வந்தன. பழைய என்ஜின் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்றும், மருந்து ஒட்டிய டின், பைகளுக்கு எஸ்.டபிள்யூ. 409 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு சேர்ந்தது, எப்போது சேர்ந்தது, எவரிடம் ஒப்படைத்தோம் என்று கணக்கு வைத்து, அக்கணக்கை மூன்றாண்டு காக்கவேண்டும். 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்கவேண்டும். அபராதமும் சிறிதல்ல, 2024 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீர்நிலையைக் கெடுப்பது போன்ற குற்றங்களுக்கு உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. கிராணிமார் தோழர்களே, உங்கள் தோட்டத்தில் இந்த ஏடு உண்டா? இல்லையென்றால் நாளைக் காலை ஒரு புதுக் கணக்குப் புத்தகத்தில் நீங்களே கோடு போடுங்கள். துரை கேட்டால் சட்டம் கேட்கிறது என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறவன் கை கறைப்படாமலிருக்க இது ஒன்றே வழி.

கிளைக் கூட்டத்தில் இதை எடுத்தபோது எல்லோரும் கை தட்டிவிடவில்லை. ஒரு பெரியவர் எழுந்தார். “கிணறு விஷம்னு எழுத்தில் வந்துட்டா, லயமே ஆகாதுன்னு சொல்லி நம்மைக் கிளப்பிடுவான். அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கான்?” என்றார். சிரித்துத் தள்ளக்கூடிய பேச்சல்ல இது. தோட்டம் தோட்டமாக நிலம் கைமாறுவதை, லயம் லயமாக ஜனங்கள் வெளியேறுவதை அவர் கண்ணால் கண்டவர். இன்று செலாயாங் அடுக்குமாடிகளில் வாழ்வோரில் எத்தனை பேருடைய பிறந்த லயம் இப்போது இல்லை! அவருக்கு நம்முடைய பதில் இது: கிளப்புகிறவன் கிணற்றைக் காரணம் காட்டாவிட்டால் வேறொன்றைக் காட்டுவான். ஆனால் நிலத்தைக் கெடுத்த கணக்கு எழுத்தில் இருந்தால், அது விலைபேசும் மேஜையில் நம் பக்கம் இருக்கும் சீட்டு.

குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறதே, கிணற்றைச் சோதிக்க எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது. தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி, 1990 ஆம் ஆண்டிலிருந்தே, போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது அவர்கள் கடமை, சலுகையல்ல. அந்தக் குழாய் நின்ற வாரத்தில்தான் நாம் கிணற்றுக்குப் போனோம். இனியும் நிற்காது என்று யாராவது எழுதித் தருவார்களா?

நிலம் கைமாறும் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாயிருந்த நிலம் இன்று குவாசா டாமான்சாரா என்ற புது நகராக எழும்பிவருகிறது. மரம் இருந்த இடத்தில் வீடு வருவதை நாம் எதிர்க்கவில்லை. வீடு யாருக்குத்தான் வேண்டாம்? நாம் கேட்பது பொதுவான ஒரு விதி. ரப்பர் நிலமோ, ஈயக்குட்டை நிலமோ, பட்டறை நிலமோ, எதுவானாலும் கைமாறுவதற்கு முன்னே மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கவேண்டும். செலவு விற்கிறவனுடையது. சோதனை முடிவை அங்கே குடியிருப்பவர்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் காட்டவேண்டும். தொழிற்சாலை, குப்பைமேடு, கால்ப் திடல் முதலிய இடங்களில் சுற்றுச்சூழல் இலாகா கண்காணிப்புக் கிணறுகள் வைத்து நீரைச் சோதித்து வருகிறது. பந்தடிக்கும் திடலுக்குக் கிடைக்கும் மரியாதை ரப்பர் தோட்டத்து லயத்துக்கும் கிடைக்கட்டுமே.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கவேண்டாம். கிணற்றுக்குப் பத்தடியில் கக்கூஸ் குழி வெட்டியவர்கள் நம்மிலும் உண்டு. 1854 ஆம் ஆண்டில் லண்டன் பிராடு தெருக் கிணற்றால் காலரா பரவியதற்கு, அதை ஒட்டியிருந்த ஒரு மலக்குழியின் கசிவே காரணமாயிற்று. மோட்டார் சைக்கிள் எண்ணெயை மாற்றிக் கால்வாயில் கவிழ்ப்பவர்கள், பேட்டரியை உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு திராவகத்தை வாழைக்குக் கீழே ஊற்றுகிறவர்கள், இவர்களைக் கண்டிக்கச் சங்கம் தயங்கக்கூடாது. குப்பையும் அப்படியே. திறந்த மேட்டில் கொட்டிய குப்பையின் கறுத்த நீர் நேரே மண்ணுக்குள் போகும். 2005 ஆம் ஆண்டில் திறந்த புக்கிட் தாகார் குப்பை நிலத்தில் அடியில் விரிப்புப் போட்டு, அந்த நீரைப் பிடித்துச் சுத்தம் செய்கிறார்கள். அங்கே போகாமல் புதர்களில் கவிழும் லாரிகளுக்கு எந்த விரிப்பும் கிடையாது.

நம் கிளை இதுவரை செய்தது இவ்வளவே. கிணற்று நீரை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில், வாய்வரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, மழைக்கு முன் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாகச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். பிளாஸ்டிக் புட்டி இதற்கு ஆகாது. எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். குழி, கிணறு, பழைய மருந்து ஸ்டோர், டின் கழுவிய இடம், கக்கூஸ், பீலிக்கரை, நிலச்சரிவு இவற்றைக் குறித்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறோம். பாதி வேலையை மருந்தடித்த ஒரு மூதாட்டியே முடித்தார். கோலை ஊன்றி நடந்து, ஒவ்வோர் இடத்திலும் நின்று காட்டினார். வரைபடத்தின் ஒரு நகல் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது, குழியிலுள்ள மண்ணைத் தோண்டியெடுத்து முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையோடு. கிணற்றை மண் போட்டுத் தூர்த்துவிடுகிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். தூர்க்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அந்தக் கிணறுதான் நம் சாட்சி.